பச்சை ஓலைப் பரண்

நான் பெரியவளானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் எரிச்சல். கோவில்பதாகை ஏரிக்கரை வேலமரத்தில் மாமாவும் நானும் கட்டிக்கொண்டிருந்த பரண் அப்போது முக்கால்வாசி முடிந்திருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மாமா வேலை பார்த்த பட்டறையில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளும் ஓர் இரும்பு ஏணியும்தான் முதலீடு. மேலே உட்கார்ந்து உண்டிவில்லால் நீர்க்கோழி அடிக்க வேண்டும். அது சட்டப்படி தப்பு என்று மாமாவுக்குத் தெரியும். பறவைக்கும் தெரியக்கூடாது, ஆளுக்கும் தெரியக்கூடாது என்பார். சுற்றி மறைப்பு கட்டுவது மட்டும்தான் பாக்கி.

"இனிமே ஏரிப் பக்கம் போனே, கால ஒடிச்சிடுவேன்" என்றாள் அம்மா. சொன்னது அம்மா, சொல்ல வைத்தது அத்தை. அப்பாவின் அக்காவான அத்தை எங்களோடுதான் இருந்தாள். வீட்டுச் சட்டமெல்லாம் அவள் போட்டு, அம்மா வாய் வழியாக வரும்.

முறைப்படி தாய்மாமன்தான் குச்சு கட்ட வேண்டும். இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் குடிசைக்கு எங்கே போவது? ஹாலில் டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவே மாமா பச்சைத் தென்னை ஓலையைக் கட்டி என்னை உள்ளே உட்கார வைத்தார். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். ஆத்திரத்தில் ஓலையைப் பிய்த்தேன். பிய்த்த இடுக்கு வழியே ஹால் முழுக்கத் தெரிந்தது. அம்மாவின் சாம்பாரைப் பற்றி அத்தை போனில் யாரிடமோ குறை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியவேயில்லை. அத்தைக்கே தெரியாதது நீர்க்கோழிக்கு எங்கே தெரியப்போகிறது?

அன்று சாயங்காலம் மாமா எட்டிப் பார்த்தபோது, இதே ஓலையைப் பரணுக்கு மறைப்பாகக் கட்டலாம் என்றேன்.

"சடங்கு முடிஞ்சா ஓலைய கொளுத்திடணும் கண்ணு, அதான் மொற. ஏரிக்கு எத்துகினு போனா எங்கக்கா என்ன உசுரோட வுடாது."

"நீதான மாமா கட்டுன? எனக்குத்தான கட்டுன?"

மாமா நைசாக நழுவிவிட்டார். ஏரிக்கரையில் பெரிய வேட்டைக்காரர், அக்கா முன்னால் பெட்டிப்பாம்பு.

சடங்குக்கு மறுநாள் ஓலைகளை இறக்கி காம்பவுண்டு மூலையில் போட்டுவிட்டு, தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனார் மாமா. சமையலறையில் தீப்பெட்டி இருந்தது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை போலிருக்கிறது. நான் அத்தனை ஓலையையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஏரிக்கு மிதித்தேன். கொளுத்த வேண்டுமாம். எனக்காக வெட்டியது, என்னைக் கேட்காமல் எப்படிக் கொளுத்துவார்கள்? கையில் மருதாணி சிவந்திருக்க, பரணைச் சுற்றி ஓலையை இழுத்துக் கட்டினேன். சைக்கிளைப் புதரில் சாய்த்துவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து மரத்தடியில் நின்றாள்.

"எறங்குடி கீழ."

"மாட்டேன். என்ன அடிக்கணும்னா நீ ஏறி வா."

ஏறுவாள் என்று நினைத்தா சொன்னேன்? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்துவிட்டாள். எத்தனை அடித்தாலும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடி விழவில்லை. மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்து, ஓலை இடுக்கு வழியே தண்ணீரைப் பார்த்தாள்.

கோரைக்குள்ளிருந்து ஒரு நீர்க்கோழி வெளியே வந்தது. கல்லை வைத்து உண்டிவில்லை இழுத்தேன். அப்போதுதான் கரைமேல் அத்தை, அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தாள். அம்மா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடிக்காத. சத்தம் கேக்கும்" என்றாள் என் காதோரம்.

அத்தை மரத்தைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி கூப்பிட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அதுவரை அம்மா என் மணிக்கட்டை விடவேயில்லை. நீர்க்கோழி கோரைக்குள் ஓடிவிட்டது. என் முதல் வேட்டையைக் கெடுத்துவிட்டாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தையின் குரல் அடங்கி வெகுநேரமாகியும் அம்மா இறங்கவில்லை. "போலாமா?" என்று கேட்டேன்.

"இரு, இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள்.

அவளுக்கும் வேட்டை ஆசை வந்துவிட்டது, நீர்க்கோழி திரும்பி வரக் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் உண்டிவில்லில் கல்லை மறுபடி வைத்தேன்.