சந்தனத் தட்டு

விழுப்புரத்தில் எங்கள் விதை நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து யாராவது ஆய்வுக்கு வந்தால், வாசலில் சந்தனத் தட்டு பிடிப்பது நான்தான். பத்தொன்பது வருடமாக. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை விதையின் முளைப்புக் கணக்கை முந்தின நாளே எழுதி முடித்துவிடுவேன். கூட்டம் தொடங்கும்போது டீக்கும் வடைக்கும் நின்றுகொண்டிருப்பேன். என் தாளை ஆண்களில் ஒருவர் வாசிப்பார். அப்படி வாசித்தவர்களில் இருவர் பிறகு கிளை மேலாளர் ஆனார்கள். 'வாழ்த்தினேன்' என்று டைரியில் எழுதியிருக்கிறேன். மனதாரத்தான் வாழ்த்தினேன்.

போன மார்ச் ஆய்வுக்குத் திண்டிவனம் கிளையிலிருந்து ஒருத்தி வந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஒன்பது ஐம்பதுக்கு எங்கள் மேலாளர் அவளிடம் இன்னொரு தட்டை நீட்டினார்.

"நீயும் மேடம்கூட நில்லும்மா. லேடீஸ் நின்னாத்தான் களையா இருக்கும்."

"புதுச் சட்டை போட்டுக்கினு நீங்களே களையாத்தான் சார் இருக்கீங்க. நீங்க நில்லுங்க. நான் ரிப்போர்ட் சொல்லணும்."

எல்லோரும் சிரித்தார்கள், அவரும்கூட. அவள் உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவுதானா? இதைச் சொல்லவா எனக்குப் பத்தொன்பது வருடம் வாய் வரவில்லை?

ஜூனில் திண்டிவனம் மேலாளர் பதவி காலியானது. எல்லோரும் அவள் பெயரைத்தான் சொன்னார்கள். தலைமை அலுவலகம் கருத்துக் கேட்டிருந்ததால் எங்கள் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்களும் லேடீஸ், சொல்லுங்க. அது ஆளுங்கள வச்சி வேலை வாங்குமா?"

"வேலை தெரியும் சார். கொஞ்சம் திமிரு ஜாஸ்தி."

மாலையில் பழைய டைரிகளைப் புரட்டினேன். மேஜையைத் தட்டிக் கத்திய ஆண்களை நான் 'கண்டிப்பானவர்' என்று எழுதியிருந்தேன். ஒருவரைக்கூடத் திமிர் பிடித்தவர் என்று எழுதவில்லை.

பதவி ஓர் ஆணுக்குப் போனது. "திமிருன்னு லேடீஸே வேணாம்னுட்டாங்க, நான் இன்னா பண்றது?" என்று மேலாளர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் ஆய்வுக்கும் அவள் வந்தாள். தட்டோடு நின்ற என் முன் நின்றாள்.

"திமிரு புடிச்சவ கூப்பிடறேன்க்கா. தட்ட வச்சிட்டு உள்ள வாங்க. உங்க கணக்கு, நீங்களே சொல்லுங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. "நீ போம்மா, டீ வரணும்" என்றேன்.

டீ பதினாலு, வடை இருபத்தெட்டு. எண்ணிவிட்டு எட்டிப் பார்த்தேன். அவள் பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்திருந்தாள். கூட்டம் முடியும் வரை அதை எடுக்கவில்லை.