விபூதி போட்டு மினுக்கிய டைம்

போன சனிக்கிழமை, பழைய நாணயம் வாங்கி விற்கும் வெள்ளைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நல்லவேளை, நீங்கள் யாரும் அங்கே இல்லை!

கதை இதுதான். சான்ட்ரிங்ஹாமில் எங்கள் தெருமுனை டெய்ரியில், அதாவது சின்னப் பலசரக்குக் கடையில், பால் வாங்கினேன். மிச்சச் சில்லறையில் பத்து சதத்துக்குப் பதிலாக ஓர் அமெரிக்க டைம் வந்துவிட்டது. டைம் என்றால் அவர்களுடைய பத்து சதம். கறுத்துப்போய்க் கிடந்தது.

ஆபீசில் காட்டினேன். மலேசிய நண்பர் துள்ளினார். "பழைய டைம் எல்லாம் வெள்ளி லா! வருஷமும், அதுல இருக்குற குட்டி எழுத்தும் சரியா அமைஞ்சா நல்ல காசு கெடைக்கும்."

எங்கள் வாடகை வீட்டில் குளிர்காலத்தில் சுவரே நடுங்கும். மனைவி ஆசைப்பட்ட ஹீட்டர் அப்போதே என் கண்முன் வந்து நின்றது. நண்பர் சொன்னதை அவளிடம் சொல்லி, பத்திரமாக இருக்கட்டுமென்று நாணயத்தைச் சாமித்தட்டில் வைத்தேன்.

அங்கேதான் பிழை வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்குக்குப் புளி, வெள்ளிச் சாமானுக்கு விபூதி — இது எங்கள் வீட்டுச் சட்டம். சாமித்தட்டில் கறுத்த வெள்ளி மனைவியின் கையில் தப்புமா?

சனி காலை டைம் கண்ணைப் பறித்தது. எனக்கும் ஒரே புளுகம், அவ்வளவு சந்தோஷம். பளபளப்புக்கே தனி விலை கேட்கலாமென்று காரை எடுத்தேன்.

கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்தார். "அருமையான வருஷம்" என்றார். பிறகு, "இதை யார் தேய்த்தது?"

சேகரிப்பவர்களுக்கு அந்தக் கறுப்புதான் வேண்டுமாம்! தேய்த்தால் நுண்ணிய கீறல் விழுந்துவிடும். இனி வெறும் வெள்ளியின் விலைதான் என்றார். விற்க மனம் வரவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவியின் முகம் வாடியது. கொஞ்ச நேரந்தான்.

"ஊத்தைக்கோ காசு குடுக்கினம்? அப்ப உங்கட கழுவாத காரைக் கொண்டுபோய்க் குடுங்கோ!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் என் ஏமாற்றமும் போய்விட்டது.

ஹீட்டர்? ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டார் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் கிடைத்தது. பழசு, உடம்பெல்லாம் தூசி. ஆனால் நன்றாக வேலை செய்கிறது. மனைவி ஈரத்துணியோடு வந்தாள்.

"பொறும், பொறும்! துடைச்சா விலை போயிடும்" என்றேன்.

"விக்கிறதுக்கோ வாங்கினது? தள்ளுங்கோ, குளிருது."

இதை எழுதும்போது கால் கதகதப்பாக இருக்கிறது. மனமும்தான். டைம் இப்போதும் சாமித்தட்டில் — இனி வெள்ளிக்கு வெள்ளி விபூதி பூசிக்கொண்டு, பளபளவென்று!