மருதாளக்காவின் கோன் விளக்கு

கடை கட்டும் நேரத்தில் மருதாளக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போவாள். கிளையில் ஒரு காகிதக் கோன் தொங்கும். பனியன் கம்பெனியில் நூல் தீர்ந்ததும் எறிந்துவிடுகிற கோன்தான். அதன் குறுகலான முனையில் ஒரு டார்ச் பல்பு; பக்கத்தில் சேர்த்துக் கட்டிய இரண்டு பேட்டரி செல். பழைய செல்லைக் கழற்றிப் புதியதைப் போட்டதும், கீழே சாக்கடைக்கல் உடைந்த இடத்தில் ஒரு முறம் அளவுக்கு வெளிச்சம் விழும்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த புதிதில், ஷிப்டு முடிந்து திரும்பும்போது செல்லத்தாய் அந்தக் கல்லில்தான் இடறி விழுந்தாள். முழங்காலில் நல்ல காயம். மறுநாள் அந்தியில் பார்த்தால் அங்கே விளக்கு தொங்குகிறது. யார் மாட்டியது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பல நாள் கழித்துத்தான், முக்காலி மேல் நின்ற ஆளைச் செல்லத்தாய் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"யக்கா, இது ஒங்க வேலதானா?"

"நானெங்கீங்க மாட்டுனேன்? காத்துல பறந்து வந்து மாட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, முக்காலியை இடுப்பில் வைத்துக்கொண்டு மருதாளக்கா நடையைக் கட்டினாள்.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு மரப்பெட்டி, அதன் மூடியில் ஒட்டிய பிள்ளையார் படம், தலைக்கு மேல் ஒரு குடை. காங்கேயத்தில் டார்ச்லைட் ரிப்பேர் கடைக்குக் கூட்டிப் பெருக்கப் போனவள், பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். கரண்டு வருவதும் போவதுமாக இருந்த அந்த வருஷங்களில் பெட்டியைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். காலையில் முதல் பல்பை எரியவிட்டுப் பிள்ளையாருக்கு ஒரு கணம் காட்டுவாள். அப்புறம்தான் வியாபாரம்.

அவளிடம் ஒரு வினோதம் உண்டு. மனிதர்கள் யாராக இருந்தாலும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூட, 'வாங்க, போங்க'தான். 'கண்ணு' என்று கொஞ்சுவதெல்லாம் பல்புகளை மட்டும். "எரியோணும் கண்ணு" என்று சொல்லித்தான் வயரைச் செல்லில் வைப்பாள். வைத்த கையோடு செல்லை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள். கொஞ்சம் சூடு தெரிந்தாலும் உடனே கழற்றிவிடுவாள். சுவர்ப் பிளக்கில் செருகுகிற வேலையை மட்டும் யார் கேட்டாலும் செய்ய மாட்டாள். "ஊட்டுக் கரண்டு பெரிய எடத்துச் சகவாசமுங்க. நமக்குச் செல்லு போதும்."

ஒரு டிசம்பரில், ஷிப்மெண்ட் நெருக்கியதால் செல்லத்தாய்க்கு லீவு கிடைக்கவில்லை. ஊரில் பூசை காணாமல் கிறிஸ்துமஸ் கழிவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. குடியிருந்த காம்பவுண்டில் குழந்தை சேசுவுக்கு ஒரு குடிலாவது வைக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதற்கும் ஒரு தடை இருந்தது. முந்தின வருஷம் யாரோ சீரியல் செட்டைச் சுவரில் செருகி, வைக்கோலுக்குப் பதிலாகப் பரப்பியிருந்த பனியன் வேஸ்டில் தீ பிடித்துவிட்டது. வீட்டுக்கார ஆயம்மாள்தான் மாட்டுத்தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றி அணைத்தாள். "இன்னொருக்கா புகை வந்துச்சுன்னா, அப்புறம் இங்க குடிலே வெக்கப்படாது" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"வெசனப்படாதீங்க. செல்லுல பண்ணிப்போடலாமுங்க" என்றாள் மருதாளக்கா.

மத்தியானமே வந்து உட்கார்ந்தாள். குடிலில் பல்பு வரும் இடங்களில் கிடந்த வேஸ்டை முதலில் அள்ளி எடுத்துவிட்டு மணலைப் பரப்பினாள். நீளமாக இரண்டு வயரை ஓடவிட்டு, ஏணிக்குப் படி வைப்பதுபோல நடுநடுவே பல்புகளைச் சேர்த்தாள்.

"யக்கா, ஒண்ணுலேந்து ஒண்ணாக் கோத்துட்டா வயரு மிச்சமாவும்லா?"

"கோத்தா, ஒண்ணு போச்சுன்னா அத்தனையும் போயிருமுங்க. உங்க லைன்ல ஒருத்தி லீவு போட்டா, மத்தவீகெல்லாம் மெசினை நிறுத்திப்போட்டு ஊட்டுக்குப் போயிருவீங்களா?"

"சூப்பர்வைசரு உசுர எடுத்துருவாரு!"

"அதேதானுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி வழி."

எல்லாம் முடிந்தாலும் செல்லை மட்டும் மாட்டவில்லை. "அது கடைசியிலதானுங்க. அந்திக்கு வாறேன்" என்று போய்விட்டாள்.

செல்லத்தாய்க்குக் கை சும்மா இருக்குமா? கம்பெனியில் பிசிறு நூல் பார்க்கிற செக்கிங் செக்சன்காரி. வயர்கள் தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, குடிலைச் சுற்றிக் கட்டிய துணியோடு ஊக்குக் குத்தி அழகாக மறைத்துவிட்டாள்.

அந்தியில் ஆயம்மாள் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். மருதாளக்கா "எரியோணும் கண்ணு" என்று வயரை வைத்தாள். ஒன்றுகூட எரியவில்லை. செல்லைக் கன்னத்தில் ஒற்றியவள் படக்கென்று வயரைப் பிரித்துவிட்டாள்.

"சுடுதுங்க."

"நாஞ் சொன்னேனல்லோ!" என்றாள் ஆயம்மாள். "எடுத்துப்போடுங்க எல்லாத்தையும்."

"சேசுவே" என்று செல்லத்தாய் சுவரில் சாய்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

மருதாளக்கா பதறவில்லை. வயரை விரலால் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க செல்லத்தாயி, வயருக்குமா காது குத்துவீங்க?"

ஊக்கு, பிளாஸ்டிக் தோலைத் துளைத்து இரண்டு வயரின் கம்பியையும் தொட்டுக்கொண்டு நின்றது. "பல்பு வரைக்கும் கரண்டு போகவே இல்லீங்க. இந்தக் குறுக்குச் சந்துல பூந்து திரும்பீருச்சு. அதானுங்க சூடு."

ஆயம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊக்குகளையெல்லாம் எடுத்து, துளைகளில் டேப் சுற்றி, வயரைத் தனித்தனியாக நூலால் கட்டினார்கள். கட்டியது செல்லத்தாய்தான், ஒரு முடிச்சுகூடப் பிசகவில்லை. மருதாளக்கா வயர் முனையை ஆயம்மாளிடம் நீட்டினாள்.

"நீங்களே வெய்யுங்காத்தா. செல்லையும் தொட்டுப் பாருங்க. சுட்டா நானே எல்லாத்தையும் பிரிச்சுப்போடறேன்."

ஆயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வைத்தாள். மாட்டுக்கொட்டகை, இடையர்கள், மாதா எல்லாம் ஒன்றாகப் பளிச்சென்று வந்தன. அவள் செல்லைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது.

"அடடா, கொழந்தை மொகம் என்னமாத் தெரியுது பாரு!"

அதற்குப் பிறகு குடிலுக்குக் காவல் ஆயம்மாள்தான். கிட்டே போகிறவர்களிடமெல்லாம் "ஊக்கு வெச்சிருக்கீங்களா?" என்று சோதனை வேறு.

கம்பெனி தாராபுரம் பக்கம் இடம் மாறியபோது செல்லத்தாயும் மூட்டை கட்டினாள். பஸ் ஏற்றிவிட வந்த மருதாளக்கா ஒரு புதுக் கோன் விளக்கையும், தனிக் காகிதத்தில் சுற்றிய செல்லையும் கொடுத்தாள். செல்லத்தாய் வாங்கி, சாவிக்கொத்து கிடந்த கைப்பைக்குள் அப்படியே போட்டுக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. மருதாளக்கா என்னவோ நினைத்துக்கொண்டவளாய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே நாலு எட்டு ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"செல்லையும் சாவிக்கொத்தையும் ஒண்ணாப் போட்றாதே, கண்ணு!"