பை தைக்கிறவரின் மேல்முறையீடு

என் அக்கா புருஷனுக்குப் பெட்டி, பை என்றால் உயிர். ஜிப் போனது, கைப்பிடி அறுந்தது, எலி கடித்தது, எது வந்தாலும் மடியில் கிடத்தி டாக்டர் மாதிரி தட்டிப் பார்த்து, "ஒண்ணும் ஆகல, பொழச்சுக்கும்" என்பார். ஒரே கடையில் பதினோரு வருஷம் இருந்தோம். வருகிறவர்களிடம் வாயடிக்க வாசலில் நான், உள்ளே தையல் மிஷினில் அவர். பெட்டியைத் தெரியும், கொண்டுவந்தவர் முகம் தெரியாது அவருக்கு.

தைத்து முடித்ததும் உள்துணி மடிப்பில் தன் முதல் எழுத்தையும் தேதியையும் நூலால் போடுவார். அந்தத் தையல் விட்டால் சும்மாவே திரும்பத் தைத்துக் கொடுப்பார். "ஊருக்கெல்லாம் விலாசம் குடுக்குறீங்களே மாமா" என்று கிண்டல் செய்வேன். அந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் போலீஸ் வந்தது.

பெட்டியின் அடியில் இன்னொரு அடி வைத்துத் தைக்க வேண்டும், நகை வைக்க, என்று ஒருவன் வந்தான். பெயரும் போன் நம்பரும் தரமாட்டேன் என்றான். அப்போதே எனக்கு உறைத்தது. உறைத்தும் பெட்டியை வாங்கி உள்ளே கொடுத்து, "நகைக்காம்" என்று மட்டும் சொன்னேன். பிறகு அந்த அடியில் ஹெராயின் சிக்கியது. அவன் தப்பிவிட்டான். கேட்ட போலீஸிடம் எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தேன். மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கோர்ட் விசாரணையில், பெட்டியை யார் வாங்கி வைத்தது என்று மாமாவைக் கேட்டார்கள். "ஞாபகம் இல்லீங்க" என்றார். மூன்றாவது பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். என்னையும் உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று பயம். கோழைப் பயல், வேறென்ன! பன்னிரண்டு வருஷம் என்று தீர்ப்பு.

மேல்முறையீட்டுக்கு வந்த வக்கீலம்மா மடிப்பிலிருந்த எழுத்தைப் பார்த்துத் துள்ளினார்.

"கடத்துறவன் எவனாவது தன் எழுத்தைத் தச்சு அனுப்புவானா? ஆனா அந்த ஆளை இவர் பார்க்கவே இல்லைன்னு சொல்ல ஒரு சாட்சி வேணும்."

அன்றுதான் எனக்கு வாய் திறந்தது. பெட்டியை வாங்கியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நீதிபதி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "விசாரணை நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கோர்ட்லதாங்க."

"எத்தனை நாள்?"

"எல்லா நாளும்."

அப்போதே சொல்லியிருக்கக்கூடியதை இப்போது புதுச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது தீர்ப்பு. யார் வாங்கியது என்று ஞாபகமில்லை எனக் கைதியே சொல்லியிருக்கிறாரே என்றும் கேட்டது. தண்டனையில் இரண்டு வருஷம் குறைந்தது. குற்றவாளி என்பது மட்டும் மாறவில்லை.

அக்காவுக்கு அங்கேதான் எல்லாம் தெரிந்தது. "பாவி, இத்தனை நாளும் என் கையால சோறு வாங்கித் தின்னியேடா" என்று வராந்தாவிலேயே என்னை அடித்தாள். அதற்குப் பிறகு வீட்டுக் கதவை எனக்குத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் சிறைக்குப் போனேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, "எல்லாம் என்னாலதான் மாமா" என்று அழுதேன். ஆறுதல் சொல்வார் என்றுதான் நினைத்தேன். பதினோரு வருஷத்தில் பார்க்காத கோபம் அவர் முகத்தில்.

"யாரைக் கேட்டுடா சொன்ன? நான் உள்ள கெடக்குற வரைக்கும் அவளுக்குத் தம்பியாவது இருக்கட்டும்னுதானே ஞாபகம் இல்லைன்னேன்!"