உடைய வேண்டிய சுவர்

அந்தக் கொத்தனார் என் மனைவியின் தம்பி. மச்சினன் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே இப்போது எனக்கு நாக்கு கூசுகிறது.

எங்கள் தெருவில் வீடுகள் தூண்கள்மேல் நிற்பவை. கீழே தூண்களுக்கு நடுவில் சுவர் வைத்தால் லேசாக வைக்க வேண்டும். புயலில் கடல் ஏறினால் அது உடைந்து அலைக்கு வழிவிடும், மாடி தப்பிக்கும். இன்ஜினியர் படித்துப் படித்துச் சொன்னார். "உடையறதுக்குன்னே ஒருத்தன் சுவர் கட்டுவானாக்கும்!" என்று சிரித்தான் மச்சினன். யாருக்கும் தெரியாமல் தூணில் துளை போட்டு, கம்பி கோத்து, முழுச் செங்கல்லில் கட்டினான். தெருக்கோடி வீட்டிலும் அப்படி, எங்கள் வீட்டிலும் அப்படி என்று பிறகுதான் தெரிந்தது.

போன வாரப் புயலில் தெருக்கோடி வீடு விழுந்தது. அலை மோதியும் சுவர் உடையவில்லை. தூண்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சாய்ந்தது. சேறு அள்ளப் போனோம். செத்த மீன், ஊறிய மெத்தை, உடைந்த கக்கூஸ் தொட்டி. நான் பிளம்பர், இந்த நாற்றமெல்லாம் எனக்குப் பழக்கம். குமட்டியது இவன் பேச்சுதான். விழுந்து கிடந்த சுவரைத் தட்டிப் பார்த்து, "மாமா, ஒரு விரிசல் உண்டா பாருங்க!" என்றான். அந்த வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே சேற்றில் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தாள். த்தூ, இதுவும் ஒரு பிறவியா!

நாளை மறுநாள் இன்னொரு புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். தெருக்கோடி வீடு போய்விட்டதால் அலைக்கு இனி முதல் வீடு எங்களுடையது. நான் சம்மட்டியைத் தூக்கினேன். மனைவி மறித்தாள்.

"என் தம்பி கட்டினது. ஒண்ணும் ஆகாது."

"விழுந்த வீடும் உன் தம்பி கட்டினதுதான். கேளு."

அவள் வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தாள். "நீயாடா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்து சம்மட்டியை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் மூன்று சுவர்களை இடித்தோம். இடுப்பு விட்டுப்போனது. நான்காவதுக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான். பூச்சை உள்ளங்கையால் தடவினான்.

"அக்கா, இது ஒண்ணை மட்டும் விட்டுருவோமா? நூல் பிடிச்ச மாதிரி வந்திருக்கு."

மாடியில் எங்கள் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. அவள் அண்ணாந்து பார்த்தாள். அவன் கையிலிருந்த சம்மட்டியைப் பிடுங்கினாள்.

"தள்ளு" என்றாள்.

அவன் நகரவில்லை. நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.