தாளின் தலையில் ஓர் எண்

மலிகா பேனாவை எடுத்தால் அவள் கை தானாகப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. தாளின் தலையில், நட்டநடுவே. அங்கே 786 என்று பொடிசாக எழுதிவிட்டுத்தான் அடுத்த எழுத்து. அளவில்லாத அருளாளன் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன் என்னும் பிஸ்மிக்குப் பதிலாக அந்த மூன்று இலக்கத்தைப் போடுவது அவள் பிறந்த வீட்டு வழக்கம். மளிகைச் சீட்டானாலும் சரி, மகள் ரூஹியின் பள்ளிக்கு எழுதும் விடுப்புக் கடிதமானாலும் சரி, அது இல்லாமல் அவள் எழுதியதில்லை.

பத்தாவதோடு நின்ற படிப்பைக் கலியாணத்துக்குப் பிறகு மறுபடி எடுத்தவள் அவள். பன்னிரண்டாவதைத் தனியாக எழுதினாள். பிறகு தபால் வழியில் பி.ஏ. வரலாறு. மூன்று வருசத்தில் முடிக்க வேண்டியது, நடுவில் ஒரு பிரசவம், மாமியாரின் நோய்ப்படுக்கை என்று இழுத்து ஆறாவது வருசத்தில் வந்து நின்றது. ஆறு வருசத்துக்கு மேல் பதிவு செல்லாது. கடைசியாக ஐந்து அசைன்மென்ட் பாக்கி. அதைக் கொடுத்தால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். கொடுக்காவிட்டால் ஆறு வருசமும் கடலில் கரைத்த உப்பு.

அவள் படித்த விதமே தனி. திருவொற்றியூர் வீட்டில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. கணவர் அலி அக்பர் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறவர். எப்போது போவார், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. ஆகவே மலிகா தொழுகையைக் கொண்டு நாளைப் பிரித்துக்கொண்டாள். விடியற்காலை சுபுஹு தொழுததும் ஒரு பாடம் வாசிப்பு. நண்பகல் லுஹருக்குப் பிறகு குறிப்பு. மாலை அசருக்குப் பிறகு அரை மணி, சுத்தமான தாளில் எழுத்து. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் பேனாவை மூடிவிடுவாள், பாதி வரியானாலும். மூன்று மாதத்தில் ஐந்தும் முடிந்தன. இறைவன் கொடுத்த அரை மணியில் என்னென்ன ஆகிறது என்று அவளுக்கே ஆச்சரியம்.

கடைசி நாள் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, ஐந்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ராயபுரத்தில் இருந்த படிப்பு மையத்துக்கு வந்தாள். மாடிப்படியில் செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள். தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நாசரேத்துப் பக்கத்துக் குடும்பம். மலிகாவோடு சேர்ந்து படிப்பவள், அவளைவிட நாலு வயது மூத்தவள்.

"ஏ மலிகா, வா வா. காட்டு பாப்போம், எம்புட்டு எழுதிருக்க?"

மலிகா சிரித்துக்கொண்டே முதல் கட்டைக் கொடுத்தாள். செல்லக்கனி அட்டையைப் புரட்டினாள். கை நின்றது.

"இது என்னட்டி, மேல?"

"இன்னாக்கா, தெரியாதா? எங்க வூட்ல எப்பவும் போடுறதுதான்."

"அடப் பாவி மவளே! உள்தாள்ல சமய அடையாளம் எதுவும் இருக்கப்படாதுன்னு போட்டுருக்கான்லா. இருந்தா தள்ளிப்புடுவான். நான் போன வருசம் சிலுவ போட்டேன். அம்புட்டும் திரும்பி வந்துட்டு. ஒரு வருசம் போச்சு எனக்கு."

மலிகா அறிவிப்புப் பலகைக்கு ஓடினாள். ஒன்பதாவது விதி. அப்படித்தான் இருந்தது. இத்தனை மாதம் இதே பலகைக்கு முன்னால் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவளுக்கு இன்னொரு வருசம் கிடையாது.

இருவரும் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்கள். ஐந்து கட்டுக்கும் முதல் தாள் ஒவ்வொன்று. அத்தோடு, நடுவில் எழுத உட்கார்ந்தபோது கை பழக்கத்தில் போட்ட இரண்டு. ஆக ஏழு.

"வெள்ளை பூசு. காயட்டும்," என்றாள் செல்லக்கனி.

"ஐயோ அக்கா, அத்த அழிக்கச் சொல்றியா? என் கையாலயா?" மலிகாவின் முகம் வெளுத்துவிட்டது. "அதுவும் வெள்ளை பூசுனா என்னாத்த மறைச்சான்னு கேப்பான்."

ஒரு பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் பயம், ஒரு பக்கம் படைத்தவனுக்குப் பயம். நடுவில் ஒரே வழிதான். ஏழு தாளையும் புதிதாக எழுத வேண்டும், இரு பக்கமும். நாலு மணிக்குக் கவுண்டர் மூடும்.

எதிரே ஜெராக்ஸ் கடையில் பதினைந்து தாள் வாங்கினாள் செல்லக்கனி. மலிகா பழைய தாளைப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி அப்படியே இறக்கினாள். அப்போதுதான் புதிய தாள் முடியும் இடத்தில் அடுத்த தாள் ஒட்டும். துறைமுகப் பக்கமிருந்து காற்று அடித்தது. தாள் பறக்காமலிருக்கச் செருப்பைக் கழற்றி வைக்கப் போன செல்லக்கனி நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் டிபன் பாக்ஸைத் தாளின் மேல் வைத்தாள்.

இரண்டு தாள் முடிந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. மலிகா எழுந்தாள்.

"எங்க போற?"

"லுஹர் தொழுதுட்டு வந்துர்றேன். பத்தே நிமிசம்."

"நேரம் போவுது மலிகா! ஆண்டவரு மன்னிச்சுக்கிட மாட்டாரா?"

"மன்னிப்பாருக்கா. என் கைதான் மன்னிக்காது. தொழுவாம ஒக்காந்தா ஒரு எழுத்து ஓடாது."

துப்பட்டாவை விரித்து மாடிப்படிக்குக் கீழே தொழுதாள். செல்லக்கனி தாள்களுக்குக் காவல் இருந்தாள், அவள் பங்குக்கு அவள் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தாளை மலிகா வேகமாக எழுதினாள். மனசு தெளிந்திருந்தது. இரண்டு பக்கமும் முடித்து நிமிர்ந்து, "இந்தாக்கா" என்று நீட்டினாள். செல்லக்கனி வாங்கிப் பார்த்தாள். தாளைத் திருப்பிக் காட்டினாள்.

தலையில், நட்டநடுவே, பொடிசாக, அழகாக, 786.

மலிகா தன் கையையே வெறித்தாள். எப்போது எழுதினாள்? அவளுக்கு நினைவே இல்லை. கூட இருந்தே குழி பறித்ததுபோல் இருந்தது அவளுக்கு. யாரை நோவது? சின்ன வயசிலிருந்து நல்லதென்று பழக்கிய கை.

"அழுவாத. அழுதா மை கரைஞ்சிரும்," என்றாள் செல்லக்கனி. புதிய தாளை எடுத்து வைத்து, அதன் தலையில் தன் உள்ளங்கையைக் குப்புறப் பதித்தாள். "இப்ப எழுது. முதல் வரி முடியுத மட்டும் நான் கைய எடுக்க மாட்டேன்."

அப்படியே நடந்தது. ஒவ்வொரு புதுத் தாளுக்கும் ஒரு கை மூடியது, ஒரு கை எழுதியது. மலிகா வாய்க்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டாள். தாளில்தான் கூடாது, நாக்கில் கூடாதென்று எந்த விதியும் இல்லையே.

ஏழாவது தாள், ஐந்தாவது அசைன்மென்டின் கடைசித் தாள். அதை எடுத்தபோது மணி மூன்று முப்பத்தெட்டு. விரல் மடங்க மறுத்தது. முன் பக்கம் முடிக்கவே பதினைந்து நிமிடம் ஆகும். பின் பக்கம் முழுதும் முடிவுரை, அவள் ரொம்ப ஆசைப்பட்டு எழுதியது.

"அத விட்டுரு," என்றாள் செல்லக்கனி.

"நல்லா எழுதினேன்கா அத்த."

"நல்லா எழுதினது பையில இருந்தா மார்க் போடுவானா?"

மலிகா முடிவுரையை நாலு வரியாக்கி முன் பக்கத்திலேயே முடித்தாள்.

கவுண்டரில் பீம்ராவ் என்ற குமாஸ்தா ஐந்தையும் எண்ணி முத்திரை குத்தினார். மற்றவர்கள் கொடுத்ததோடு சேர்த்து நூலால் கட்டிப் போட்டார். ரசீதை நீட்டினார்.

மலிகா படியில் வந்து உட்கார்ந்தாள். பழைய தாள்களைக் குப்பையில் போட முடியாது, மடித்து வைக்க வேண்டும். எண்ணினாள். பழையது ஏழு, வீணானது ஒன்று. எட்டு இருக்க வேண்டும்.

ஏழுதான் இருந்தது.

மறுபடி எண்ணினாள். ஏழு. நாலாவது அசைன்மென்டின் பழைய முதல் தாளைக் காணோம். காற்றில் பழையதும் புதியதும் ஒட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. திருத்துகிறவர் அட்டையைத் திறந்ததும் அதுதான் கண்ணில் படும்.

ஓடினாள். பீம்ராவ் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

"சார், ஒரு நிமிசம் சார். என் கட்டை அவுக்கணும்."

"இன்னாமா வெளாடுறியா? வாங்குனத அவுக்க எனக்கே பர்மிஷன் கெடையாது. இன்னாத்துக்கு?"

சொன்னால் அவரே எழுதி வைத்துத் தள்ளிவிடலாம். சொல்லாவிட்டால் திறக்க மாட்டார். வேறு காரணம் ஒன்று சொல்லலாம்தான். நாக்கு வரவில்லை.

"பழைய தாளு ஒண்ணு உள்ள பூட்ச்சு சார். அதுல 786 போட்டுக்கீது."

பீம்ராவ் அவளைப் பார்த்தார். செல்லக்கனியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் மூணு நிமிசம் கீது. நாலு மணி அடிக்கற வரிக்கும் நான் வாங்கிக்கினு கீறேன்னுதான் அர்த்தம். கட்டு இந்தா. நான் தொட மாட்டேன். நீயே அவுத்துக்கோ, நீயே கட்டு. அடுத்தவங்க தாளு ஒண்ணு கலஞ்சா உன்ன வுட மாட்டேன்."

நூல் முடிச்சு இறுகியிருந்தது. எழுதி மரத்த விரல்களுக்கு அது பிடிபடவே இல்லை. செல்லக்கனி கை நீட்டினாள். "நீ வராத, அவங்க மட்டும்," என்றார் பீம்ராவ். மலிகா நகத்தால் கீறி இழுத்தாள். ஒரு வழியாக வந்தது. தன் நாலாவது அசைன்மென்ட்டை எடுத்தாள். அட்டையைத் திறந்தாள். இருந்தது. அதற்கடியில் புதிய தாள், தலை வெறுமையாக.

பழையதை உருவினாள். உருவியது பழையதுதானா என்று பார்த்தாள். உள்ளே இருப்பது புதியதுதானா என்று பார்த்தாள். மறுபடி பழையதைப் பார்த்தாள்.

"போதும்மா. அத்தயே எத்தினி தபா பாப்ப? கட்டு."

கட்டினாள். முடிச்சுப் போட்டாயிற்று. ஆனால் கை கட்டின் மேலேயே இருந்தது. பீம்ராவ் மெல்ல இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஷட்டர் சடசடவென்று இறங்கியது.

"எடுத்தாச்சுல்லா? இன்னும் ஏன் நிக்க?" என்றாள் செல்லக்கனி.

"மத்த நாலையும் தொறந்து பாக்கலியேக்கா."

"எண்ணிப் பாருட்டி. எட்டுதானே?"

எட்டுதான். பஸ்ஸில் ஏறி எண்ணினாள், எட்டு. காசிமேடு தாண்டியதும் எண்ணினாள். ஒரு கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் பஸ் அசையாமல் நின்றபோது, மடியில் பையை வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், நான் எண்ணினது சரியா இருக்கட்டும்" என்று சொல்லி, தான் இறங்கும் டோல்கேட் வரும்வரை மறுபடி மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.