தந்திக்கு வைத்த பூப்பெயர்கள்

மலாக்காவில் இருந்த அக்காவுக்குத் தலைப்பிரசவம். துணைக்கு என்னை அனுப்புவது என்று முடிவானதும் அப்பா முதலில் யோசித்தது சேதிக்கு என்ன வழி என்பதைத்தான். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு, முகவரிக்கும் சேர்த்து. அதனால் ஒரு சொல்லில் ஒரு சேதி அடங்கும்படி பூப்பெயர்களை வைத்தார். மல்லி என்றால் சுகமாக வந்து சேர்ந்தேன். ரோசா பெண் குழந்தை, தாமரை ஆண். முல்லை என்றால் தாயும் பிள்ளையும் நலம்.

"வேற மாதிரி ஏதாவது ஆனா?" என்று கேட்டேன்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப என்னடி பேச்சு இது" என்று அம்மா அதட்டினாள். அதற்கு மட்டும் பூ வைக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரயிலில் தம்பின்வரை வந்தேன். அங்கிருந்து அத்தான் பஸ்ஸில் மலாக்காவுக்குக் கூட்டிப்போனார். காஜா பேராங் என்ற பகுதியில் பலகை வீடு. அத்தானுக்கு டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற நேரம். கடைகளில் எல்லாம் மெர்டேக்கா பேச்சு. அக்காவுக்கோ ஒரே ஏக்கம், அம்மாவின் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும். அத்தான் போஸ்டாபீசில் போய் விசாரித்தார். மெட்ராசுக்குப் பேச முடியுமாம். ஆனால் அம்மா மெட்ராசுக்கு வந்து காத்திருக்க வேண்டும், கட்டணமோ அவருடைய மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். "பிள்ளை பிறந்ததும் ஊருக்கே போய்க் கேட்டுக்கலாம்" என்று அக்காவைத் தேற்றினார்.

பெண் பிறந்தது. ரோசா, முல்லை என்று இரண்டு பூவையும் சேர்த்தே அனுப்பினோம். தெரு முழுக்க அம்மா சர்க்கரை கொடுத்ததாகப் பதில் கடிதம் வந்தது. அது வரும்போது குழந்தை இல்லை. காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் தங்கவில்லை. பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வழி வந்தவர்; மலாய்தான் பேசுவார், தமிழ் அவ்வளவாக வராது. அன்று வந்து அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கு எப்படிச் சொல்வது? தந்தி வேண்டாம் என்றாள் அக்கா. "தபால்காரன் தெருவுல நின்னு படிச்சுச் சொல்வான். அம்மா அங்கேயே விழுந்துடுவா." கடிதத்துக்கும் சம்மதிக்கவில்லை. அத்தானின் கடைக்கு எதிரே நாகூர்க்காரர் ஒருவர் பலசரக்கு வியாபாரம் செய்துவந்தார். நாங்கள் அவரை நானா என்று கூப்பிடுவோம். அந்த வாரம் அவர் ஊருக்குப் புறப்பட்டார்.

"நான் நேர்ல போய்ப் பக்குவமாச் சொல்றேன்மா. காயிதத்துல எழுதற சேதியா இது" என்றார்.

எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

சில மாதம் கழித்துத் திரும்பி வந்தார். "சொல்லிட்டேன். உங்க அப்பா துண்டால முகத்தை மூடிக்கிட்டார்" என்றார். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை.

அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. மழை, அரிசி விலை, அம்மாவின் முழங்கால் வலி. குழந்தையைப் பற்றி ஒரு வரி இல்லை. அக்கா ஒவ்வொன்றையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். முடிந்ததும், "அம்மா வேற ஒண்ணும் சொல்லலையா?" என்பாள். ஒருநாள் அப்படிக் கேட்பதையும் விட்டுவிட்டாள். "பெத்தவ ஒரு வார்த்தை கேக்கலை பாரு" என்று அத்தானிடம் அவள் சொன்னது சமையல்கட்டில் இருந்த என் காதில் விழுந்தது. புண்ணைக் கிளற வேண்டாம் என்று அம்மா நினைத்திருப்பாள் என்று அக்காவிடம் சொன்னேன்.

அவளுக்கு உடம்பு தேறியதும் நான் ஊர் திரும்பினேன். துறைமுகத்துக்கு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"குழந்தை நடக்குதாடி? படம் பிடிச்சு அனுப்பச் சொன்னேனே, ஏன் அனுப்பலை?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அப்பாவே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நானா அப்பாவிடம்தான் சொல்லியிருக்கிறார், தெருமுனையில் வைத்து. அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று அப்பா தள்ளிப்போட்டார். அந்த நேரம் வரவே இல்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் கடிதங்களை அவளுக்கு வாசிக்கும்போது அப்பா குழந்தை குப்புற விழுந்தது, பல் முளைத்தது என்று தாமாகச் சேர்த்து வாசித்திருக்கிறார். அம்மா சொல்லச் சொல்ல எழுதும்போது, குழந்தையைப் பற்றி அவள் கேட்டதை எல்லாம் விட்டுவிட்டிருக்கிறார்.

அன்று துறைமுகத்தில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"அப்ப அவ பக்கத்துல யார் இருந்தா?"

"நான் இருந்தேன். பக்கத்து வீட்டம்மா இருந்தாங்க."

"நான் ஒண்ணுமே கேக்கலைன்னு நினைச்சிருப்பாளே" என்றாள் அம்மா. அப்பாவை அவள் திட்டவில்லை. அன்றிலிருந்து கடிதம் எழுதவும் படிக்கவும் என்னைத்தான் கூப்பிட்டாள்.

நடந்ததை எல்லாம் அக்காவுக்கு எழுதினேன். 'தெரிந்துகொண்டேன்' என்று மட்டும் பதில் வந்தது. சில வருஷம் கழித்து இரண்டு பையன்களோடு ஊருக்கு வந்தாள். அம்மா அவள் தலைக்கு எண்ணெய் வைத்தாள், மீன் குழம்பு வைத்தாள், பேரன்களைக் குளிப்பாட்டினாள். அக்கா ஊரில் இருந்த நாள்வரை அந்தக் குழந்தையைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

புறப்படும் முன் அக்காவிடம் கேட்டேன், அம்மாவிடம் ஒரு தடவை மனசுவிட்டு அழுதிருக்கலாமே என்று.

"அப்ப அழணும்னு இருந்தது. இப்ப வரலை" என்றாள். பெட்டியில் பையன்களின் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.